கோட்டை வாசலில் பதின்மூன்று ஜோடித் தடங்கள்

தலாப்பி மலைக்கோட்டைக்குள் ஆள் இல்லாத காலடித் தடங்கள் பதின்மூன்று ஜோடி, ஏப்ரல் பதினைந்தாம் தேதி புதன்கிழமை முதல் நடக்கத் தொடங்கின. காலை ஒன்பது மணிக்கு வடக்குச் சுவரடியில் புறப்படும். தானியக் குழிகளைச் சுற்றும். தலைவனின் வீடு என்று சொல்லப்படும் கற்குவியலுக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கும். பதினொன்றரை மணிக்கு வாசல் கல்லுக்கு வந்து, வெளியே ஊரைப் பார்த்தபடி வரிசையாக நின்றுகொள்ளும். அரை மணி நேரம் காத்திருக்கும். யாரும் எதுவும் சொல்லாததால் திரும்பி உள்ளே போய்விடும். அந்த வாரம் பக்கத்து நகரமான கலாமாவின் சந்தையில் தக்காளி கிலோ ஆயிரத்து நானூறு பெசோ விற்றது. ஊரில் அதிகம் பேசப்பட்டது தக்காளியைப் பற்றித்தான். தடங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? முந்தின நாள் வந்த பொறுப்பான பயணிகளின் உள்ளாட்கள் கோட்டையிலேயே தங்கிவிட்டார்கள் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் உள்ளாள் இருக்கிறான். ஆள் எழுந்து நடந்தாலும் உள்ளாள் சோம்பேறி, பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஓடையில் துணி துவைத்துவிட்டுத் திரும்பினால்கூட, "வா நிக்காசியா, போலாம், இங்க தங்காத" என்று யாராவது ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ள முடியாது, வேறொரு வாய் வேண்டும். கோட்டைக்குள் போவதென்றால் இன்னும் கவனம். நுழையும்போது முன்னோர்களுக்குக் கோக்கா இலையும் இரண்டு சொட்டுச் சாராயமும். வெளியே வரும்போது உள்ளே திரும்பி நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பாடு. பத்தொன்பது ஆண்டுகளாக இதைச் செய்துவந்தவன் வழிகாட்டி எவரிஸ்தோ அயவிரே. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, மூடினால் குறட்டை. வாய்க்கால் தூர்வாரும் நாளில் சஞ்யார் மரத்துக்குப் பின்னால் படுத்துத் தூங்குவான். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், மாட்டிக்கொண்டால் ஏமாந்தவனையே திட்டுவான். ஆனால் பத்தொன்பது ஆண்டுகளில் ஓர் ஆளைக்கூட, ஓர் உள்ளாளைக்கூட, அவன் மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை. அவனிடம் மதிக்கத்தக்க குணம் அது ஒன்றுதான். கடைசியில் எல்லாப் பெயரையும் கூப்பிட்டுவிட்டு, வந்தவர்களைப் பார்த்து, "இப்ப என்னைக் கூப்பிடுங்கய்யா, நானும் வீட்டுக்குப் போகணும்ல" என்பான். வெளிநாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே அவன் பெயரைக் கடித்துத் துப்புவார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு மெல்லடி என்ற சுற்றுலா நிறுவனம் வந்தது. தலைநகர் சாந்தியாகோவிலிருந்து அதன் மேலாளர் கொன்ஸ்தன்சா வந்து இறங்கினாள். கழுத்தில் எங்கள் ஊர்க் கம்பளித் துண்டு, கையில் நாற்பத்தெட்டுப் பக்க விதிப்புத்தகம். பழைய காகிதத்தை அரைத்துச் செய்த தாளாம். விமானத்தில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் பறந்து வந்த பழைய தாள். சிறிய குழுக்கள் மட்டும், பன்னிரண்டு பேருக்கு மேல் கிடையாது. மணல்மேட்டுக்கும் உப்பு ஏரிக்கும் மாதாமாதம், கோட்டைக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு குழு, மற்ற நாட்களில் கோட்டை 'இளைப்பாற' வேண்டும். எண்ணூறு ஆண்டுகளாக இளைப்பாறிக்கொண்டிருக்கும் கோட்டைக்கு இந்தம்மாள் விடுப்புக் கொடுத்தாள். எங்கள் ஊர்ச் சபை கையெழுத்துப் போட்டது. சபையில் இருந்த ஏழு பேரில் ஒருவரும் புத்தகத்தைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் எங்கள் சபை. பதினொன்றாம் பக்கத்தில், தொல்லிடத்தில் எதையும் விட்டுவரக் கூடாது, இலையும் குப்பையே என்று இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், உரத்த குரல் கூடாது. முப்பதாம் பக்கத்தில், பயணிகளின் தனிநபர் விவரங்களைக் காக்கும் பொருட்டு அவர்கள் எண்களால் மட்டுமே அழைக்கப்படுவார்கள். எவரிஸ்தோவும் கையெழுத்துப் போட்டான். திருமணப் பதிவேட்டில் போட்டதற்குப் பிறகு அவன் போட்ட இரண்டாவது மோசமான கையெழுத்து என்று அவன் மனைவி நிக்காசியா பிற்பாடு சொன்னாள்.

அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நுரைக்காத சோப்பு கொண்டுவந்தார்கள். மூக்குச் சிந்திய தாளைப் பையில் போட்டுப் பத்திரமாகத் தங்கள் நாட்டுக்கே எடுத்துப் போனார்கள். கயிற்றில் கட்டி இழுத்துப் போக லாமாவுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். நிக்காசியா சோளம் குத்திக்கொண்டிருந்தபோது நான்கு பேர் வந்து, நாங்கள் இல்லாததுபோல் நினைத்துக்கொண்டு இயல்பாக இருங்கள் என்றார்கள். "நீங்க இருந்தாதானே இல்லாத மாதிரி நெனைக்கணும், போயிட்டா சிரமமே இல்லையே" என்றாள் நிக்காசியா. மொழிபெயர்த்த கொன்ஸ்தன்சா அதை வரவேற்புரையாக மாற்றிச் சொன்னாள். அவர்களுக்குக் கண்கலங்கிவிட்டது. ஏப்ரல் பதினான்காம் தேதி கோட்டைக்குப் போனார்கள். இலை இல்லை, சாராயம் இல்லை. வெளியே வந்ததும் எவரிஸ்தோ பழக்கத்தில் உள்ளே திரும்பி நின்று வாயைத் திறந்தான். கொன்ஸ்தன்சா உதட்டில் விரலை வைத்தாள். ஊரில் யார் விரலைக் காட்டினாலும் ஒடித்துவிடுவான். அன்று, வெளியாள் முன்னால் காட்டான்போல் கத்துகிறோமோ என்று ஒரு நொடி வெட்கப்பட்டான். வாயை மூடிக்கொண்டான். எவரிஸ்தோவின் வாழ்க்கையில் அவன் காட்டிய ஒரே நாகரிகம் அதுதான், அதற்கு அவன் கொடுத்த விலையைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். நிக்காசியா அதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். பத்தாஸ்கா குழம்பை முன்னால் வைத்தால், உப்பே போடாத அன்றும், "ரொம்ப நல்லா இருக்கு, நன்றிம்மா" என்றான். பாத்திரம் கழுவினான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அவன் தம்பியின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள், அதற்கும் வரவில்லை. கலாமாவுக்கு அழைத்துப் போனாள். ரத்த அழுத்தம் கன்றுக்குட்டிக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்று மருத்துவர் பாராட்டி அனுப்பினார். பக்கத்து வீட்டுச் சபீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு என்னடி குறை? குடிக்கறதில்ல, அடுத்தவனோட மல்லுக்கு நிக்கறதில்ல, சாப்பிட்ட தட்டக் கழுவுறான். எம் புருஷனுக்கும் இந்தச் சீக்கு வந்து தொலையக் கூடாதான்னு இருக்கு."

"அப்ப நீயே கூட்டிட்டுப் போ. சுவத்தோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு எனக்கு. இருபத்திரண்டு வருஷம் சண்டை போட்டேன் சபீனா, ஒரு நாள் அவன் எனக்குப் பதில் சொல்லாம விட்டதில்ல."

நிறுவனத்துக்கோ இந்த எவரிஸ்தோவை மிகவும் பிடித்துப்போயிற்று. நேரத்துக்கு வந்தான், எண்களைச் சரியாகச் சொன்னான், துப்பவில்லை. அந்த ஆண்டின் முன்மாதிரி வழிகாட்டி என்று அவன் படத்தை அச்சிட்டார்கள். படத்தில் அவன் கண்கள் இரண்டும் கழுவி வைத்த கிண்ணங்கள்போல் இருந்தன. கோட்டைத் தடங்கள் பதின்மூன்று என்பதை எல்லோரும் எண்ணியிருந்தோம். ஆனால் பன்னிரண்டு பயணிகள், ஒரு கொன்ஸ்தன்சா, ஆகப் பதின்மூன்று என்று கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்துவிட்டோம். எவரிஸ்தோ எங்கள் ஊர்க்காரன், அவனுக்கு இப்படி நடக்காது என்ற திமிர்.

அக்டோபரில் வாய்க்கால் தூர்வாரும் நாள் வந்தது. அன்று மண்வெட்டியோடு வரிசையில் நிற்பவர்களைக் கால்வாய்த் தலைவர் புருதென்சியோ ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். எவரிஸ்தோவின் பெயரைக் கூப்பிட்டதும், வரிசையில் நின்றவன், "வந்திருக்கேன் ஐயா" என்று மெதுவாகச் சொன்னான். அதே நேரத்தில் மலைமேல் கோட்டைப் பக்கமிருந்து, "இருக்கேன்யா, ஏன்யா உயிரு போற மாதிரி கத்தற, கிழட்டுக் கழுதை!" என்று ஊருக்கே கேட்கும்படி பதில் வந்தது. புருதென்சியோ ஒழுங்கு தெரிந்தவர். எவரிஸ்தோ வந்திருப்பதாகக் குறித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நிக்காசியா மட்டும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆறு மாதத்துக்குப் பிறகு புருஷன் குரலைக் கேட்கிறாள். வரிசையில் நின்றவன் அவளுக்குக் கைக்குட்டை நீட்டினான். அதைத் தட்டிவிட்டாள்.

அப்போதுதான் எங்களுக்குக் கணக்கு விளங்கியது. பதின்மூன்றாவது தடம் எவரிஸ்தோவினுடையது. கொன்ஸ்தன்சாவும் அன்று கோட்டைக்குள் போய் வந்தவள்தான். ஆனால் அங்கே விட்டுவர அவளிடம் எதுவும் இருந்திருக்கவில்லை.

உள்ளாள் போனவன் எங்கள் ஊரில் ஓர் ஆண்டு தாங்குவான். பிறகு காய்ந்துபோவான். புருதென்சியோவின் பெரியப்பா மகன் அப்படித்தான் பதின்மூன்றாம் மாதம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வற்றல் ஆனார். தூக்கிப் பார்த்தால் ஒரு கூடைக் கம்பளியின் எடைகூட இல்லை. எவரிஸ்தோ அதற்குள் இடுப்பு வாரில் நான்கு புது ஓட்டை போட்டிருந்தான். தோல் சொரசொரத்து, தட்டினால் பலகைச் சத்தம் வந்தது. ஏப்ரலுக்கு ஆறு மாதம் இருந்தது.

மறுநாளே நிக்காசியா அவனுடைய அழுக்குச் சட்டையையும் ஒரு புட்டிச் சாராயத்தையும் எடுத்துக்கொண்டு மலையேறினாள். பதினொன்றரைக்குத் தடங்கள் வாசலுக்கு வந்து வரிசையாக நின்றன. இடது குதிகாலை இழுத்து வைக்கும் அந்தத் தடத்தை உடனே கண்டுகொண்டாள். சட்டையை ஆட்டி, "வா எவரிஸ்தோ, போலாம், இங்க தங்காத" என்று கூப்பிட்டாள். தடம் ஓரடி முன்னால் வந்தது. அப்புறம் நின்றது. திரும்பிப் பின்னால் நின்ற பன்னிரண்டு ஜோடியைப் பார்த்தது.

"இவனுங்கள எங்கடி விட்டுட்டு வர்றது?" என்றது குரல்.

"நாசமாப் போகட்டும்! அவங்க உனக்கு மாமனா மச்சானா? நீ வாய்யா!"

"கூட்டிட்டு வந்தவன் நான்டி. எண்ணிக் கூட்டிட்டு வந்தேன், எண்ணித்தான் எறங்குவேன். போயி பேரக் கேட்டுட்டு வா."

நிக்காசியா அவனை அரை மணி நேரம் திட்டினாள். அவனும் விடாமல் திட்டினான். இறங்கி வரும்போது அவள் முகம் தெளிந்திருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கலாமாவில் மெல்லடி அலுவலகத்துக்குப் போய்ப் பன்னிரண்டு பெயர்களைக் கேட்டாள். கொன்ஸ்தன்சா மூலிகைத் தேநீர் கொடுத்தாள், உங்கள் மரபை நாங்கள் மிகவும் மதிக்கிறோம் என்றாள், பெயர்களைத் தர முடியாது என்றாள். "தனிப்பட்ட விவரம் நிக்காசியாம்மா. அவங்க நம்மள நம்பிக் குடுத்தது."

"அவங்க ஆளையே அங்க விட்டுட்டுப் போயிருக்காங்கம்மா. பேரு தெரிஞ்சாதானே கூப்பிட்டு விட முடியும்?"

கொன்ஸ்தன்சா சிரித்தபடியே கணினியைத் திருப்பிக் காட்டினாள். பன்னிரண்டு பேரும் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். என்னுடைய ஒரு பகுதியை அங்கேயே விட்டுவந்துவிட்டேன் என்று ஒன்பது பேர், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுபோல், எழுதியிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு மனம் இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லையாம். அமைதி! அவர்கள் காய்ந்துபோகவில்லை, அந்த நாடுகளில் அதற்கு மாத்திரை இருக்கிறது. வித்தியாசமும் யாருக்கும் தெரிந்ததாகத் தகவல் இல்லை. "அப்புறம் எவரிஸ்தோ இப்ப எவ்வளவு அருமையா வேலை பாக்கறாரு, அத ஏன் கெடுக்கணும்?" என்றாள் கொன்ஸ்தன்சா. நிக்காசியா தேநீரை அவளுடைய கள்ளிச்செடித் தொட்டியில் ஊற்றிவிட்டு எழுந்து வந்தாள்.

அன்றிலிருந்து அடுத்த ஏப்ரல் வரை, ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர, அவள் காலை ஒன்பது மணிக்குக் கோட்டைச் சுவர்மேல் போய் உட்கார்ந்தாள். மடியில் கம்பளி நூல், கண் தரையில். இறங்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டு வீட்டுக்கு விரட்ட எவரிஸ்தோவின் குரல் இருந்தது. எங்கள் ஊரில் லாமாவுக்குப் பெயர் வைப்பது பிறந்த அன்று அல்ல, ஓர் ஆண்டு அதன் நடையைப் பார்த்த பிறகுதான். எது நொண்டும், எது முட்டும், எது திருடித் தின்னும் என்று தெரிந்த பிறகு வைக்கிற பெயர் பிசகாது, கூப்பிட்டால் ஒரு மைல் தள்ளியிருந்தாலும் திரும்பிப் பார்க்கும். நிக்காசியா அதைத்தான் செய்தாள். ஒருவன் பூமிக்கு வலிக்குமே என்று நுனிக்காலில் நடந்தான். ஒருத்தி இன்னும் பெரிய பொறுப்புக்காரி, புதிதாகத் தடம் பதிக்காமல் அடுத்தவர் தடத்திலேயே கால்வைத்துப் போனாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எப்போதும் நான்கடி இடைவெளி விட்டு நடந்தார்கள், வாசலுக்கு வந்ததும் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மூன்றாவது சுவருக்குப் பின்னால் தினமும் தனியாகப் போய், சுவரைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தான்; எண்ணூறு ஆண்டுச் சுவர், அந்த ஏப்ரலில் அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறான். வயதான ஒருத்தி இரண்டு கைத்தடிகள் ஊன்றி நடந்தாள். ஓயாமல் நிற்பாள், ஒரு கூழாங்கல்லை எடுப்பாள், நாலடி கொண்டுபோய்த் திருட்டுப் பயத்தில் கீழே வைத்துவிடுவாள். தினமும் அதே கல். பிப்ரவரி முடிவில் நிக்காசியா கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, "எடுத்துட்டுத்தான் போயேன்டி, யாரு கேக்கப் போறா" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அடுத்த ஆண்டுக் குழு கோட்டைக்கு வந்தது. முன்னால் எவரிஸ்தோ நடந்தான்; நடந்தான் என்பதைவிடக் காற்று அவனைத் தள்ளிக்கொண்டு போனது என்பதே சரி. பன்னிரண்டு புதிய தொப்பிகள் சத்தமில்லாமல் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்கு வாசலுக்கு வெளியே வந்தன. நிக்காசியா வாசல் கல்மேல் ஏறி நின்றிருந்தாள். கொன்ஸ்தன்சா உதட்டில் விரலை வைத்தாள்.

"அந்த வெரல மடக்கி வச்சுக்க. இல்ல, அதாலேயே உன் கண்ணத் தோண்டிருவேன்" என்றாள் நிக்காசியா. பிறகு உள்ளே திரும்பி, இடுப்பில் கைவைத்து, மலை அதிரக் கூப்பிட்டாள். "வாடா நுனிக்காலு, போலாம்! பூமிக்கு ஒண்ணும் ஆகாது, உன்னவிடக் கனமான கழுதைங்கள எல்லாம் அது சுமந்திருக்கு! வாடி ஒட்டுத்தடம், உனக்குன்னு ஒரு அடி எடுத்து வை! நாலடி தள்ளி நடக்கறவங்களே, ரெண்டு பேரும் வாங்க, வீட்ல போயி அடிச்சுக்கலாம்! டேய் மூணாஞ்சுவரு, பொத்தானப் போட்டுட்டு வா! வாடி கல்லுத்திருடி, எடுத்த கல்லக் கொண்டுக்கிட்டே வா!" இப்படிப் பன்னிரண்டு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஜோடித் தடம் திடுக்கிட்டு நின்று, வாசல் கல்லைத் தாண்டி வெளியே வந்தது. அவர்களைப் பெற்றவர்கள் வைத்த பெயருக்கு அவ்வளவு வேகமாக வந்திருப்பார்களா என்பது சந்தேகம். எல்லாம் வந்து முடிந்த பிறகு, அவள் குரலை இறக்கி, "எவரிஸ்தோ, வாய்யா, போலாம்" என்றாள்.

இடது குதிகாலை இழுத்துக்கொண்டு ஒரு தடம் நேராக வந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்த வற்றலின் செருப்புக்குள் நின்றது. எவரிஸ்தோ தொம்மென்று கீழே உட்கார்ந்தான். இருமினான். கோட்டை வாசலில் எச்சில் துப்பினான்.

"ஒரு வருஷமாடி ஆகும் பன்னெண்டு பேர் வைக்க? அந்த ஆளு உப்பில்லாத குழம்பத் தின்னுட்டு நன்றி வேற சொல்லியிருக்கான், வெக்கங்கெட்ட பய! என் வாரு ஏன் இவ்வளவு ஓட்டையா இருக்கு?"

நிக்காசியா அவனை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். அவனும் விடவில்லை, அழுதுகொண்டே திட்டினான். எழுந்ததும் முதல் வேலையாகப் புதிய பன்னிரண்டு பேரிடமும் எண் அட்டையைக் கழற்றச் சொல்லிப் பெயரைக் கேட்டு, உள்ளே திரும்பி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு முடித்தான். கொன்ஸ்தன்சாவைக் கூப்பிடவில்லை. அடுத்த ஆண்டு விதிப்புத்தகத்தில் பன்னிரண்டாம் பக்கத்தை மாற்றி, உள்ளூர் மரபுக் கூப்பாட்டு அனுபவம் என்று சேர்த்து, அதற்குத் தனிக் கட்டணம் வைத்தார்கள். சபை அதற்கும் கையெழுத்துப் போட்டது.

வெளியே வந்த பன்னிரண்டு உள்ளாட்களுக்கும் போக இடமில்லை, உடம்புகள் கடல் தாண்டி அமைதியாக இருந்தன. ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அக்டோபரில் புருதென்சியோ வாய்க்கால் வரிசையில் அவர்களையும் கூப்பிடுகிறார். நுனிக்காலு, ஒட்டுத்தடம், மூணாஞ்சுவரு என்று கூப்பிடக் கூப்பிடத் தடங்கள் வந்து ஒழுங்காக நிற்கும். ஒருவனும் மண்வெட்டியைத் தொட்டதில்லை. கரையில் நின்று நாங்கள் சேற்றை அள்ளுவதை வியந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஆறு ஆண்டு கழித்து, குழு எதிலும் சேராமல், கலாமாப் பேருந்தில் ஒரு கிழவி வந்து இறங்கினாள். இரண்டு கைத்தடி. உலர்ந்த தோல், கழுவி வைத்த கண். எதற்காக வந்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். எவரிஸ்தோவும் நிக்காசியாவும் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தடி ஊன்றும் சத்தத்தைக் கேட்டதும் நிக்காசியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாடி கல்லுத்திருடி" என்றாள்.

கிழவி நின்றாள். வேலியோரத்திலிருந்து ஒரு ஜோடித் தடம் புழுதி பறக்க ஓடிவந்து அவள் காலுக்குள் புகுந்தது. கிழவிக்கு நிறம் வந்தது. ஏதோ ஒரு மொழியில், ஊர்ப் பேருந்தையும் வெயிலையும் தன் மருமகனையும் வரிசையாகத் திட்டினாள். மொழி தெரியாவிட்டாலும் எவரிஸ்தோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். நிக்காசியா பாதிப் பழத்தை நீட்டினாள். கிழவி அவளோடு கோட்டைக்கு ஏறி, வாசல் கல்லில் உட்கார்ந்து பழத்தைத் தின்றாள், தோலைத் தரையில் வீசினாள், தன்னுடைய கூழாங்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். புருதென்சியோ இப்போது பதினொரு பெயர்கள்தான் கூப்பிடுகிறார். எங்கள் பாலைவன ஊரில் எதுவும் மக்குவதில்லை, அந்தத் தோல் இன்னும் கோட்டை வாசலில் கிடக்கிறது.